கடன் வாங்கிய விழிப்பு

(பட்டிமன்றத் தலைப்பு: வளரும் பிள்ளைகள் 'எனர்ஜி டிரிங்க்' பழக்கத்துக்கு ஆளாகப் பெரிதும் காரணம் விளம்பரத்தின் மோகமா? வீட்டின் வேகமா? 'வீட்டின் வேகமே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ரொம்ப அழகாகப் பேசினார். நடுவில் ரெண்டு தடவை தண்ணி குடிச்சார். நல்லவேளை, தண்ணிதான் குடிச்சார். வேற பாட்டிலைத் திறந்திருந்தா இன்னும் மைக்கை விட்டிருக்க மாட்டார்! (சிரிப்பு)

அவர் என்ன சொன்னார்? "விளையாட்டு வீரர் குடிக்கிறார், சினிமா நடிகர் குடிக்கிறார், அதைப் பார்த்துப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்" என்றார். நான் ஒண்ணு கேக்கிறேன். அதே டி.வி.யில் பல் தேய்க்கிற பேஸ்ட்டுக்கும் விளம்பரம் வருது. அதைப் பார்த்துட்டு எந்தப் பிள்ளையாவது ராத்திரி படுக்கப் போகும்போது ரெண்டாவது தடவை பல் தேய்ச்சிருக்கா? (சிரிப்பு, கைதட்டல்) விளம்பரம் கடையைக் காட்டும். கடைக்குப் போகிற தேவையை உண்டாக்குவது யார்? அதுதான் நடுவர் அவர்களே, இன்றைய கேள்வி.

இந்தப் பானம் எங்கே பிறந்தது? இன்றைக்கு உலகமெல்லாம் விற்கிற ரெட் புல்லுக்கு மூலம் தாய்லாந்து. 1970களில் அங்கே 'கிராத்திங் டேங்' என்ற பெயரில் வந்தது. அதை விரும்பிக் குடிச்சவங்க யார்? ராத்திரி முழுக்க லாரி ஓட்டுகிறவர்கள். மூட்டை தூக்குகிற தொழிலாளிகள். கண் அசந்தால் உயிர் போகும் என்ற நிலையில் இருந்தவர்கள். 1987ல் அது ஆஸ்திரியாவுக்குப் போய், டப்பாவும் பெயரும் மாறி, உலகத்தைச் சுற்ற ஆரம்பிச்சது.

லாரி டிரைவருக்கு அது தேவைப்பட்டது, சரி. பதினாறு வயசுப் பையனுக்கு ஏன் தேவைப்படுது? அவனை ராத்திரி லாரி ஓட்டச் சொன்னது யார்? விளம்பரக் கம்பெனியா? நாம்தான், நடுவர் அவர்களே! (கைதட்டல்)

நம்ம வீட்டு அட்டவணையைப் பாருங்கள். காலை நாலரைக்கு அலாரம். அஞ்சரைக்கு டியூஷன். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். அப்புறம் நீட் கோச்சிங். ராத்திரி ஒன்பதுக்கு வீடு. சாப்பிட்டு உட்கார்ந்தால் வீட்டுப்பாடம், பதினொன்றரை. வளரும் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். நாம் கொடுப்பது அஞ்சு. மிச்சம் மூணு மணி நேரத்தை அவன் பெட்டிக்கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கிக்கிறான்.

வள்ளுவர் 'ஊக்கமுடைமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அவர் சொன்ன ஊக்கம் உள்ளத்தில் இருக்கிறது. நாம் அதைக் கால் லிட்டர் பாட்டிலில் அடைச்சு மூடி போட்டுட்டோம்!

சரி, அந்தப் பாட்டில் உண்மையில் ஆற்றல் தருதா? நாம் விழித்திருக்க விழித்திருக்க, மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். "போதும்பா, போய்ப் படு" என்று சொல்வது அதுதான். காஃபீன் என்ன செய்யுது? அடினோசின் போய் உட்காரவேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துக்குது. களைப்பு போகவில்லை, ஐயா! களைப்பு வந்த செய்திதான் வரவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கிறான். நாம் கதவைச் சாத்திக்கிட்டோம். கடன் தீர்ந்துபோச்சா? வட்டியோடு வெளியே நிற்கிறான்! (கைதட்டல்)

இன்னொன்று. குடிச்ச காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடிச்சவனுக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கு. படுத்தால் தூக்கம் வராது. காலையில் எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்க முடியாததால் மறுபடியும் பாட்டில். செக்கு மாடு மாதிரி அதையே சுத்தி வர்றான்.

எதிரணி அம்மையார் கேட்டார்: "நம்ம தாத்தா பாட்டி காப்பி குடிக்கலையா?" குடிச்சாங்கம்மா. டபராவில் ஆத்தி ஆத்தி, ஊதி ஊதிக் குடிச்சாங்க. மூணாவது டம்ளர் கேட்டா பாட்டி முறைச்சுப் பார்ப்பா! பையன் குடிக்கிறது எத்தனையாவது பாட்டில்னு யாருக்குத் தெரியும்? சில்லுனு, சர்க்கரையோட, ரெண்டே மடக்கில் உள்ளே போயிடுது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. கால் லிட்டருக்கு 75. ரெண்டு பாட்டில் 150. பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் சொன்னது. 50 கிலோ பிள்ளைக்கு அதே 150தான். ரெண்டு பாட்டிலில் எல்லை முடிஞ்சது. காலையில் அம்மா கொடுத்த காப்பி எல்லைக்கு வெளியே! "குழந்தைகளுக்கு ஏற்றதல்ல" என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறான். எறும்புகூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும், அவ்வளவு பெரிய எழுத்து! (சிரிப்பு)

இவ்வளவு பேசுகிறேனே, என் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு.

என் மகன் பிளஸ் டூ படிச்ச வருஷம். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்த என் மனைவி, என் புத்தக அலமாரியில் சங்க இலக்கிய உரைகளுக்குப் பின்னால் பதினோரு காலிப் பாட்டில்களை எடுத்தாள். அந்த வீட்டில் யாருமே தொடாத இடம் அதுதான் என்று அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! (சிரிப்பு) நான் கத்தினேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "அப்பா, நாலரைக்கு எழுப்புறீங்க. பதினொண்ணரைக்கு லைட்டை அணைச்சா 'அதுக்குள்ளயாடா'ன்னு கேக்கிறீங்க. தூங்கணும்னு சொன்னா திட்டுவீங்க. இருபது ரூபா கேட்டா குடுத்துடுவீங்க" என்றான். அப்புறம் மெதுவாக, "பத்து நாளா படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குதுப்பா" என்றான்.

டாக்டரிடம் ஓடினேன். ஈ.சி.ஜி. எடுத்தார். நல்லவேளை, ஒன்றுமில்லை. அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பையன் எத்தனை மணி நேரம் தூங்குறான்?" நடுவர் அவர்களே, அவன் எந்தத் தேர்வில் எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் வாங்கினான் என்று எனக்குத் தெரியும். அது தெரியவில்லை. முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறவன், பதில் தெரியாமல் நின்றேன்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது என்று லித்துவேனியா 2014ல் தடுத்தது. லாட்வியா 2016ல், போலந்து 2024ல் தடுத்தன. பாராட்டுவோம். ஆனால் சட்டம் கடையை மூடும். நாலரை மணி அலாரத்தை எந்தச் சட்டம் நிறுத்தும்? அது நம் கைக்கு எட்டுகிற தூரத்தில்தானே இருக்கு!

ஆகவே பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவது வீட்டின் வேகமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். தாய்மார்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளை புத்தகத்தின் மேலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனால், தட்டி எழுப்பாதீர்கள். விளக்கை அணைச்சு, போர்வையைப் போர்த்தி விடுங்கள்.

(பலத்த கைதட்டல்)