முழுதெழுத்தும் சீரொளியும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



அறிவியல் ஆங்கிலத்திற் பிறந்தது, ஆங்கிலத்திலன்றி வாழாது என்று சொல்லித் திரிவோர் இன்றும் உளர். அவர்தம் வாயடைக்க ஒரு சொல்லின் பிறப்பே போதும். 'ஓலோகிராம்' என்று ஆங்கிலேயர் வழங்குவது ஆங்கில வேரில் முளைத்த சொல்லன்று. அதனைப் படைத்தவரும் ஆங்கிலேயராய்ப் பிறந்தவரல்லர். அங்கேரி நாட்டிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய தெனிசு காபோர் என்னும் அறிஞர், 1947ஆம் ஆண்டு இரகுபி நகரத்துத் தொழிலகமொன்றில், மின்னன் நுண்ணோக்கியின் தெளிவைக் கூட்ட முயன்றபோது கண்ட வழி அது. முழுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றையும் எழுத்தைக் குறிக்கும் இன்னொன்றையும் இணைத்துப் பெயரிட்டார். அவருக்குக் கிரேக்கம் உதவிற்று; தமிழனுக்குத் தமிழ் உதவாதா? முழுதெழுத்து என்க.

'முழுது' என்றது ஏன்? ஒளி ஓர் அலை. ஒளிப்படத் தகடு அவ்வலையின் வலிவை மட்டுமே பதியும். எந்த முகடு முன் வந்தது, எது பின் வந்தது என்பதைத் தவறவிடும். பொருளின் தொலைவும் திரட்சியும் அம்முன்பின்னிலேதான் அடங்கியுள்ளன. காபோர், பொருளிற் பட்டு வரும் ஒளியோடு எதிலும் படாத சான்றொளி ஒன்றையும் தகட்டில் விழச்செய்தார். குளத்தில் இருகல் எறிந்தால் வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிக் கோலமிடுவதுபோல, இரண்டொளியும் தகட்டில் நுண்கோடுகளாகப் பின்னிக்கொள்கின்றன. பின்னர்ச் சான்றொளியை மட்டும் அத்தகட்டிற் பாய்ச்சினால், பொருள் இல்லாதபோதும் அதன் ஒளியலை மீண்டெழும். திரட்சியான உருக்களைப் பதித்த தகட்டை உடைத்தால், துண்டொன்றிலும் முழுவுருவும் தெரியும். காட்சி குறுகும், தெளிவு மங்கும், அவ்வளவே.

ஆயினும் அவ்வழி பதின்மூன்றாண்டு காத்துக் கிடந்தது. விளக்கொளி சந்தைக்கூட்டம்போல முறையின்றி வருவது. அதிற் கோலம் எளிதில் நிலைப்பதில்லை. 1960 மே 16 அன்று அமெரிக்காவின் மாலிபு நகரில் தியோடர் மைமன் செம்மணிக் கோலொன்றிலிருந்து, அலையெல்லாம் அடியொத்துச் செல்லும் ஒளியை எழுப்பினார். 'இலேசர்' என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைக் கோத்த கோவை. சீரொளி என்பதோ கேட்ட அளவிலேயே அவ்வொளியின் இயல்பை உணர்த்துகிறது. 1964இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து இலீத்தும் உபத்துநீக்சும் விளையாட்டுத் தொடர்வண்டியொன்றை மும்மானத்திற் காட்டினர். காபோருக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. (இவையெல்லாம் பண்டைத் தமிழர் அறிந்தவையே என முழங்குவோரும் உளர். அது தமிழுக்குத் தொண்டன்று, இழுக்கு.)

சீரொளி கடைத்தெருவிற்கும் வந்தது. 1974 சூன் 26 அன்று ஓகையோ மாநிலத்துத் திராய் ஊரின் பெருங்கடையொன்றில், மெல்லுங்கோந்துப் பொதியின் மேலிருந்த கோடுகளைச் சீரொளி துழாவிப் படித்தது. வெண்கோடு ஒளியைத் திருப்பும், கருங்கோடு விழுங்கும், அம்மாற்றமே எண்ணாகிறது. ஆனால் விற்பவர் பொதியை எப்படித் திருப்பிப் பிடிப்பார் என்று யாரறிவார்? 1980இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட துழாவியில் இதற்கு முழுதெழுத்தே விடையாயிற்று. சுழலும் வட்டத்தகட்டைப் பல கூறாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முழுதெழுத்தைப் பதித்தனர். ஒவ்வொரு கூறும் ஒரு வில்லையாய் நின்று, ஒளிக்கற்றையை வேறுவேறு திசையில் வளைத்து, வேறுவேறு தொலைவிற் குவித்தது. எடைமிக்க ஆடிகளும் வில்லைகளும் செய்யவேண்டிய வேலையை மெல்லிய தகடு ஒன்றே செய்தது!

சேமிப்பிற்கும் இதனைப் பயன்படுத்தலாம் என்று பீட்டர் வான் ஈர்தன் 1963இலேயே எழுதினார். 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டில் செய்திகள் குழிகளாக வரிசையில் நிற்கும். சீரொளி அவற்றை ஒவ்வொன்றாகத்தான் படிக்கும். முழுதெழுத்துச் சேமிப்பிலோ பன்னூறாயிரம் கருப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட பக்கம் ஒரே நொடிப்பிற் பதியும். சான்றொளியின் கோணத்தைச் சற்றே மாற்றினால் அதே இடத்தில் அடுத்த பக்கம்! ஓர் ஓலையில் பல ஏடுகளை ஒன்றன்மேலொன்றாக எழுதி, வேண்டியதை மட்டும் கலப்பின்றிப் படிப்பது போன்றது இது.

ஆனால் பதிவுப்பொருள் ஒளிபட்டு இம்மியளவு சுருங்கினும் கோணம் பிறழும், பக்கம் மங்கும். பெல் ஆய்வகத்திலிருந்து 2000இல் பிரிந்த இன்பேசு நிறுவனம் பல்லாண்டு உழைத்தும் இச்சேமிப்பைச் சந்தையில் நிலைநிறுத்த இயலவில்லை. அதற்குள் காந்தத் தகடுகளும் மின்னணு நினைவகங்களும் மலிந்துவிட்டன.