ஊசிக்கு வந்த கோபம்

இதயத்தில் தூய்மை உள்ளவர்கள் கடவுளைக் காண்பார்கள் என்பது இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் வருகிற வாக்கு. அந்தத் தூய்மையைத் தேடி நாலாம் நூற்றாண்டில் பலர் எகிப்துப் பாலைவனத்துக்கே குடிபோனார்கள். கெய்ரோவுக்கு வடமேற்கே, இன்று வாதி நட்ரூன் எனப்படும் பகுதி அது. அங்கே மோசே என்ற மூத்த துறவியிடம் யோவான் காசியன் என்ற துறவி பாடம் கேட்டார். பின்னாளில், 420-களில், பிரான்சின் மார்சேய் நகரில் இருந்தபோது அதை இலத்தீனில் எழுதிவைத்தார்.

மோசே காட்டும் ஆட்கள் சுவாரசியமானவர்கள். பொன், வெள்ளி, நிலபுலன் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர்கள். ஆனால் ஒரு சின்னக் கத்தியோ ஊசியோ எழுதுகோலோ விஷயமாக வந்தால் போதும், கொதித்துப் போவார்கள். தன் புத்தகத்தை இன்னொருவர் தொடக்கூடப் பொறுக்காதவரும் அவர்களில் உண்டு. அத்தனை சொத்தையும் விட்டவருக்கு ஊசியை விட முடியவில்லை!

எனக்கு இதைவிடப் பிடித்தது, உபவாசம் பற்றி மோசே சொன்னது. நோன்பு, கண்விழிப்பு, வேதவாசிப்பு எல்லாம் கருவிகள்தாம். இலக்கு இதயத் தூய்மை. தவக்காலத்தில் கறியைத் தொடாமல் இருந்துவிட்டு, சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று வீட்டில் சத்தம் போடுகிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். மோசேயின் கணக்கு கறாரானது. தவிர்க்க முடியாத வேலையால் நோன்பு தவறி, அதற்காக ஒருவர் எரிந்து விழுந்தால், நோன்பில் கிடைத்திருக்கும் லாபத்தைவிடக் கோபத்தில் போன நஷ்டம் பெரிது என்கிறார்.