கட்டுப்பாடு யாருக்கு?



கட்டுகஸ்தோட்டையை ஊடறுத்து வடக்கே போகும் மாத்தளை வீதிக்கும் நாம் இன்று பேசவிருக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியும் கூடவே வந்தது. ஆட்சியாளர்கள் நோயை வந்தவர்களின் உடம்பில் தேடினார்களே ஒழிய, போதிய நீரும் தங்குமிடமும் இல்லாமல் அவர்களை நடக்கவிட்ட ஏற்பாட்டில் தேடவில்லை. தமிழ்நாட்டுக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தொழிலாளர்களை நிறுத்திச் சோதித்துப் பிறகு கப்பலேற்றிய வழக்கமும் அந்தப் பார்வையில் பிறந்ததுதான். 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கொவிட் காலத்தில் அரசு கையில் எடுத்ததும் அதையே. பொதுமக்களை நிறுத்தவும் அடைக்கவும் நம்மிடம் சட்டம் இருக்கிறது. வைத்தியசாலைக்குள் பரவும் தொற்றுக்கோ பெரும்பாலும் சுற்றறிக்கைகளும் கைநூல்களும்தான். தொற்றுத் தடுப்புக் கொள்கை என்பது முதலில் நிறுவனத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், மக்களை அதற்குப் பிறகுதான் என்பதே நான் இங்கு முன்வைக்கும் வாதம்.

சான்றுக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில்தான் தொடங்கியது. தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள், புழுவும் வெளியேறியது. லயங்களில் மலகூடம் கட்டிக்கொடுக்கத் தோட்ட நிர்வாகங்கள் பலவும் முன்வராததால், அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குப் புழு திரும்பவும் தொற்றியது. பழி என்னவோ தொழிலாளியின் பழக்கவழக்கத்தின் மேல்தான் விழுந்தது. மருந்து மட்டும் போதாது என்ற பாடத்துக்கும் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதற்கும் தொடர்பு உண்டு. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி முறைமை அங்கே தொடங்கியது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் நமக்குக் கிடைத்ததும் இந்த வழியில்தான். காய்ச்சல்காரரைத் தேடி இரத்தப் பரிசோதனைக் கண்ணாடித் தகட்டோடு வீட்டுவாசலுக்குப் போனவர் அரச ஊழியர். சுமையை நிறுவனம் ஏற்றது, மக்கள் ஒத்துழைத்தார்கள்.

இதற்கு நேர்மாறானது 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி. கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்று அது விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் காட்டப்படவில்லை. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்துக்கு ஆதரவாகக் கருத்து வெளியிட்டது. பிப்ரவரி 25ஆம் திகதி விதி மாற்றப்பட்டு, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அமைச்சரவை மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை வரை ஆனது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள அக்குறணை 2020 மார்ச் இறுதியில் முடக்கப்பட்ட முஸ்லிம் பெரும்பான்மை ஊர். அடக்கத்தை மார்க்கக் கடமையாகக் கொண்டு, இறந்தால் எரித்துவிடுவார்கள் என்று அஞ்சும் குடும்பம் காய்ச்சல்காரரை வைத்தியசாலைக்குக் கொண்டுவரத் தயங்கும். தயங்கினால் தொற்று வீட்டுக்குள்ளேயே பரவும். சான்றில்லாத கடுமை மனிதாபிமானத்துக்கு மட்டுமல்ல, தொற்றுக் கட்டுப்பாட்டுக்கே எதிரானது.

இனி வைத்தியசாலைக்குள் வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உடனடிச் சிகிச்சைக்கான வைத்தியசாலைகளில் சேரும் 100 பேரில் செல்வந்த நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஒரு தொற்றாவது பிடிக்கிறது. அதே நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல் ஒரு கட்டிலுக்கு ஒரு நோயாளர், கட்டில்களுக்கிடையே குறைந்தது ஒரு மீற்றர், 250 கட்டில்களுக்கு ஒருவராவது முழுநேரத் தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்கிறது. சந்தேகத்துக்குரிய டெங்கு நோயாளரின் தொகை 1,86,000ஐத் தாண்டிய 2017ஆம் ஆண்டைத் தாதியர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு கட்டிலில் இருவர், கட்டிலுக்கடியில் மூன்றாமவர். அந்த விடுதியில், ஒவ்வொரு நோயாளரையும் தொடுமுன் கைகளைச் சுத்தம் செய்யுங்கள் என்ற சுவரொட்டி யாருக்கு ஒட்டப்பட்டிருக்கிறது? செய்ய முடியாததை விதியாக்கி, செய்யாதவர்மேல் குற்றம் சுமத்துவது 1916இன் தோட்ட நிர்வாகம் செய்த காரியம்தான்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கண்டவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஜெனீவா பல்கலைக்கழக வைத்தியசாலையில் டிடியே பிட்டே குழுவினர் மதுசாரக் கைத்திரவத்தைக் கட்டிலருகிலேயே வைத்து, கண்காணித்த முடிவுகளை ஊழியர்களுக்கே திருப்பிக் காட்டினார்கள். 1994இல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997இல் 66 ஆனது. வைத்தியசாலைத் தொற்று 16.9இலிருந்து 9.9க்கு இறங்கியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. குறைப்பு முழுவதையும் கைத்திரவத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் செலவு சிறியது. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் எத்தனோல், கிளிசரின், ஹைட்ரஜன் பெரொக்சைட்டு, நீர் ஆகியவற்றைத் தவிர வேறில்லை. பெல்வத்தையிலும் செவனகலையிலும் எத்தனோல் வடிக்கும் நாடு இதற்கு வெளிநாட்டைப் பார்க்கத் தேவையில்லை.

நெரிசல் பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. இலவச வைத்தியசேவையில் வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. ஆனால் கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் நிரம்பி வழியும் அளவுக்குச் சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகள் நிரம்புவதில்லை. ஆய்வுகூடமும் மருந்தும் வைத்தியரும் அங்கே உறுதியாக இருந்தால் பாதிப் பேர் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு. அப்படிப் பார்த்தால் சிறிய வைத்தியசாலையின் ஆய்வுகூடமும் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செலவுதான். நிதித் திட்டமிடுவோர் இதை ஒப்புக்கொள்ள நாளாகும்.

வைத்தியசாலைகள் தங்கள் தொற்று எண்களை வெளியிட வேண்டும் என்பதும் என் கோரிக்கை. வெளியிட்டால் அவை மறைக்கத் தொடங்கும், கடும் நோயாளரை ஏற்கும் பெரிய நிறுவனங்கள் கெட்ட பெயர் எடுக்கும் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் தரவரிசை வேண்டாம் என்கிறேன். ஒவ்வொரு வைத்தியசாலையும், நோயாளர் உடலில் குழாய் செருகியிருந்த நாட்களின் எண்ணிக்கைக்கேற்பத் தொற்றைக் கணக்கிட்டு, சென்ற ஆண்டின் தன்னோடு மட்டும் ஒப்பிடட்டும். தொற்று எண்ணோடு கட்டில் நெரிசலும் தாதியர் எண்ணிக்கையும் ஒரே பக்கத்தில் அச்சாக வேண்டும். அப்போதுதான் விடுதியின் தவறு எது, அமைச்சின் தவறு எது என்று வாசிப்பவருக்குப் பிரித்தறிய முடியும். ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர் என்ற கணக்கு அந்த அறிக்கையின் முதல் வரியிலா, பின்னிணைப்பிலா? முதல் அமர்வு இதை விவாதித்து ஒரு முடிவோடு எழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.