தூசியை யார் ஆராய்வது?

(காசிமேட்டில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேராசிரியர்னு அறிமுகப்படுத்தினாங்க. அதுக்கு முன்னாடி நான் இந்தத் துறைமுகத்தில் ஐஸ் பார் தூக்கினவரோட மகன். நான் ஆராய்வது கலப்புப் பொருள்கள். பேருதான் பெருசு, விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்: பைபர் படகு.

கண்ணாடி இழை தனியாக இருந்தால் சின்னக் கீறலுக்கே முறியும். பாலியஸ்டர் ரெசின் தனியாக உறைந்தால் விரிசல் விடும். இரண்டும் சேர்ந்தால் அலையைத் தாங்குது. ஒரு இழை அறுந்தால் அது சுமந்த பாரத்தை ரெசின் பக்கத்து இழைகளுக்குக் கைமாற்றிவிடுகிறது. இதை அளந்து எழுதித்தான் முனைவர் பட்டம் வாங்கினேன்.

வந்த வழி லேசானதல்ல. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே "எந்தக் கோட்டா?" வேலையில் சேர்ந்த பிறகும் மின்னணு நுண்ணோக்கி அறையின் சாவி எனக்கு மட்டும் எப்போதும் 'நாளைக்கு'.

ஆனால் இன்றைக்கு என் மேலேயே ஒரு குற்றம் சொல்ல வந்திருக்கிறேன். போன மாசம் இங்கே ஒரு தம்பி பழைய படகைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூஞ்சியில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. "ஒடம்பெல்லாம் நமைக்குது சார், நைட்ல தூக்கமே இல்ல. இதுக்கு இன்னா பண்றது?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இழை எத்தனை பாரத்தில் அறும் என்று தெரியும். அதன் தூசி அவன் நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்று இருபது வருஷத்தில் ஒரு கட்டுரை எழுதவில்லை. ரெசினிலிருந்து ஸ்டைரீன் ஆவி கிளம்பும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. படித்தேன். இங்கே வந்து அளக்கவில்லை.

ஏன்? பதவி உயர்வுக்கு வலிமைக் கணக்கைக் கேட்டார்கள், தூசிக் கணக்கைக் கேட்கவில்லை. அவர்களைப் போலவே எழுதினால் சாவி கிடைக்கும் என்று நம்பினேன்.

ஆகவே இடஒதுக்கீடு என்பது சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல. எந்தக் கேள்வி ஆய்வகத்துக்குள் நுழையும் என்கிற பிரச்சினை. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் நமக்குரிய பங்கை 2019ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சில நிறுவனங்களுக்கு விலக்கும் கொடுத்தது. பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதே கடலோரத்தில் தெற்கே, கல்பாக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. இரண்டுமே புதிய பொருள்களை ஆராய்கிற முக்கியமான இடங்கள். மேன்மை மிக்க நிறுவனங்களாம்! நாம் உள்ளே போனால் எந்த மேன்மை குறையும்?

அந்த விலக்கு ரத்தாக வேண்டும். அதற்குப் போராடுவோம். அதுவரைக்கும் நான் சும்மா இருக்க முடியாது. வர்ற வாரம் மாணவர்களையும் காற்றை அளக்கும் கருவியையும் கூட்டிக்கொண்டு இங்கே வர்றேன். அதை எந்த இடத்தில் வைக்கணும்னு அந்தத் தம்பிதான் எங்களுக்குச் சொல்லித் தரணும்.

ஜெய் பீம்!