அறுபதாயிரம் ரூபாய்த் தண்ணீர்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரான உறுப்பினர் ஒருவர் பேசியது)

செயலாளர் அண்ணாச்சி பத்து நிமிஷம் தந்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் நம் தெருவுக்கு ஒருவர் மிஷினோடு வந்தாரே, ஞாபகம் இருக்கும். தண்ணீரைக் குளிரவைத்து அதில் ‘அறுகோண அமைப்பு’ ஏற்றித் தருமாம். பாட்டிலில் பிடித்து வைத்தாலும் அது கலையாதாம். விலை அறுபதாயிரம். இரண்டு வீட்டில் முன்பணமே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஐஸில் அறுகோணம் உண்டு. நம் மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்கு ஏற்றுகிற ஐஸ் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறுகள் நாலோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கிறது. அது அறுகோண வளையங்களாக அமைவதால் நடுவே வெற்றிடம் அதிகம். ஐஸ் மிதப்பது அதனால்தான்.

உருகினால் என்ன ஆகும்? பிணைப்புகள் பெரும்பாலும் இருக்கும், ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு விநாடியை லட்சம் கோடி பங்காக்கினால், சில பங்கு நேரம்தான் ஒரு பிணைப்பின் ஆயுள். பனிமய மாதா கோயில் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள்: கூட்டம் குறையாது, பக்கத்தில் நிற்கிறவர்தான் நிமிஷத்துக்கு நிமிஷம் வேறு ஆளாக இருப்பார்.

சூடு ஏற ஏற அந்த ஒழுங்கு குலைந்து, மூலக்கூறுகள் வெற்றிடத்துக்குள் நெருங்கும். அதே சூடு அவற்றை விலக்கவும் செய்யும். 4 டிகிரி வரை நெருக்கம் ஜெயிக்கிறது, அதற்கு மேல் விலகல். அதுவும் பெரிய விலகல் இல்லை. 4 டிகிரியில் ஒரு கிலோ இருக்கும் ஒரு லிட்டர் நீர், 100 டிகிரியிலும் 958 கிராம் இருக்கும். ஆனால் பிசுபிசுப்பு வெகுவாகக் குறையும். 0 டிகிரியில் இருப்பதில் பாதிகூட 30 டிகிரியில் இருக்காது.

இதை ஆராய்ந்தவர்களில் நம் நாட்டுக்காரரும் உண்டு. சர் சி.வி.ராமன் 1928-ல் கண்ட விளைவைக் கொண்டு, ஐ.ராமகிருஷ்ண ராவ் 1930-களிலேயே வெவ்வேறு வெப்பநிலைகளில் நீரைச் சோதித்தார். ஒற்றை, இரட்டை, மும்மை மூலக்கூறுகளின் கலவை என்று அவர் தந்த விளக்கம் இன்று நிற்கவில்லை. வெப்பநிலை மாறினால் நீரின் நிறமாலை மாறும் என்பது நிற்கிறது.

ஆகவே அமைப்பைத் தீர்மானிப்பது அந்த நேரத்து வெப்பநிலைதான். மிஷினில் 5 டிகிரிக்குக் குளிர்ந்த தண்ணீர் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 32 டிகிரிக்கு வந்துவிட்டால், அதே சூட்டில் இருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் அமைப்பில் வித்தியாசம் இல்லை. குடித்தால் வயிற்றில் எப்படியும் 37 டிகிரி.

நம் கவலை உப்பு. தாமிரபரணித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைத்தானே பிடிக்கிறோம்? கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அமைப்பு ஏற்றுவதாகச் சொல்லும் மிஷின் அதில் ஒரு மில்லிகிராமைக்கூடக் குறைக்காது, அதற்கு ஆர்.ஓ. வேண்டும். அளந்து பார்க்க என்னிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. ஞாயிறு காலை ஒரு டம்ளர் தண்ணீரோடு வாருங்கள், காசு வேண்டாம்.

முன்பணம் கொடுத்தவர்கள் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் நம் வக்கீல் அண்ணாச்சியைப் பாருங்கள்.