பெத்லகேமில் ஓர் இடம்

மார்கழிக் குளிரோடு நத்தார்த் திருநாளும் வந்து சேர்கின்றது. 'நத்தார்' என்னும் சொல், போர்த்துக்கேயர் இந்நாட்டுத் தமிழில் விட்டுச் சென்ற சொற்களுள் ஒன்று. பிறப்பு என்பதே அதன் பொருள். புத்தாடையும் பலகாரமும் விளக்கொளியும் நிறைந்த இந்நாளில், அப்பிறப்பு யாரை நாடி நிகழ்ந்தது என்று ஆராய்வோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் பெத்லகேம் என்னும் சிற்றூருக்கே செல்லுதல் வேண்டும். எனினும், மரியாளும் யோசேப்பும் அவ்வூருக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அங்கு வந்து சேர்ந்த மற்றொரு பெண்ணின் கதையிலிருந்து தொடங்குதல் நன்று. அவள் பெயர் ரூத்.

பெத்லகேம் என்பதற்கு எபிரேய மொழியில் 'அப்பத்தின் வீடு' என்பது பொருள். அப்பத்தின் வீட்டிலேயே ஒருகாற் பஞ்சம் தோன்றிற்று. எலிமெலேக்கு என்பவன் தன் மனைவி நகோமியையும் இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு மோவாப் நாட்டுக்குப் பிழைக்கச் சென்றான். அங்கே அவன் இறந்தான். மோவாபியப் பெண்களை மணந்த புதல்வர் இருவரும் இறந்தனர். எஞ்சியோர் மூன்று கைம்பெண்கள் மட்டுமே.

ஊரில் மீண்டும் விளைவு உண்டாயிற்று என்று கேள்வியுற்ற நகோமி திரும்பிப் புறப்பட்டாள். மருமக்கள் இருவரையும் தத்தம் தாய் வீட்டுக்குப் போகும்படி அவளே வற்புறுத்தினாள். ஒருத்தி அழுது விடைபெற்றாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. மற்றவளாகிய ரூத்தோ மாமியாரை விட்டுப் பிரிய மறுத்தாள். அவருடைய இனத்தையும் இறைவனையும் தனக்குரியவையாக ஏற்று உடன் நடந்தாள். ஊராருக்கு முன்னே நகோமி, இனிமை என்னும் பொருளுள்ள தன் பெயரை விடுத்துக் கசப்பு என்னும் பொருள்பட 'மாராள்' என்று தன்னை அழைக்கச் சொன்னாள். வெறுங்கையாய் வந்ததாகவும் சொல்லி வருந்தினாள். அவள் அருகிலேயே ரூத் நின்றுகொண்டிருந்தாள். ஆயினும் அவளை எவரும் ஓர் இருப்பாகக் கருதினாரல்லர்.

இவ்விடத்தே ரூத்தின் நிலையை நன்கு உணர்தல் வேண்டும். அவள் கைம்பெண், வறியவள், அதற்கு மேல் மோவாபியள். மோவாபியர் இறைமக்களின் சபையிற் சேரலாகாது என்னும் விலக்கு மோசேயின் சட்டத்தில் இருந்தது. அதே சட்டத்தில் வேறொரு விதியும் இருந்தது. அறுவடைக் காலத்தில் வயலின் ஓரங்களை முற்றாக அறுத்துக்கொள்ளாமலும், சிந்திய கதிர்களைத் திரட்டிக்கொள்ளாமலும், ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடுதல் வேண்டும் என்பதே அது. ஒரு விதி அவளுக்குக் கதவை அடைத்தது. மற்றொரு விதி வயலோரத்தில் அவளுக்குச் சிறிது இடம் வைத்திருந்தது. வாற்கோதுமை அறுவடை தொடங்கிய வேளையில், அந்த ஓரத்திலே நின்று அவள் கதிர் பொறுக்கினாள்.

வயலின் சொந்தக்காரன் போவாஸ். எலிமெலேக்கின் உறவினன். வறுமையால் நிலம் இழந்த குடும்பத்தின் சொத்தை விலை கொடுத்து மீட்கும் கடமை நெருங்கிய உறவினனுக்கு உண்டு. அவனை 'மீட்பன்' என்று பொருள்படும் சொல்லால் எபிரேயர் வழங்கினர். போவாஸிலும் நெருங்கிய உறவினன் ஒருவன் ஊரில் இருந்தான். நகர வாயிலிலே, மூப்பர் பதின்மர் முன்னிலையில், நிலத்தை மீட்கச் சம்மதம் என்றான் அவன். ஆனால் நிலத்தோடு ரூத்தையும் ஏற்றல் வேண்டும் என்றறிந்ததும், தன் சொந்த உரிமைக்குக் கேடு வரும் என்று அஞ்சிப் பின்வாங்கினான். நிலம் வேண்டும், ஆள் வேண்டாம். உலகம் உறவு பாராட்டும் முறை பெரும்பாலும் இத்தகையதே. போவாஸோ அந்த இழப்பைத் தானே ஏற்று அவளை மணந்தான். அவர்களுக்குப் பிறந்த குழந்தையை நகோமி மடியில் ஏந்தியபோது, அவளுக்கே மகன் பிறந்தான் என்று அயற்பெண்கள் மகிழ்ந்தனர். அவன் பெயர் ஓபேத். ஓபேத்தின் மகன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது அரசன்.

தாவீதின் வமிசத்தவன் ஆகையாலேயே யோசேப்பு என்னும் தச்சன், அகுஸ்து இராயன் கட்டளையிட்ட குடிமதிப்பின் பொருட்டு, நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளுடன் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு வந்தான் என்று லூக்கா எழுதுகின்றார். அந்நிய நாட்டு ரூத்துக்கு இடமளித்த ஊரில், சொந்த ஊர்க்காரனுக்குத் தங்க இடம் இல்லை. பிறந்த பாலனை முன்னணையிலே, அதாவது மாட்டுத் தீனித் தொட்டியிலே, கிடத்தினர். அச்செய்தி முதன்முதற் சென்றதும் மாளிகைக்கன்று. இராக்காலத்தில் வயல்வெளியில் மந்தை காத்திருந்த இடையருக்கே. பெத்லகேமுக்குக் கிழக்கே உள்ள பெயித் சாகூர் என்னும் ஊரின் வயல்களையே, ரூத் கதிர் பொறுக்கிய இடமாகவும் இடையர் செய்தி கேட்ட இடமாகவும் மரபு காட்டுகின்றது.

நத்தாரின் கிறிஸ்தவப் பொருள் இங்கேதான் விளங்குகின்றது. 'மீட்பன்' என்னும் அந்த உறவுச் சொல்லையே ஏசாயாவின் நூல் கடவுளுக்கு வழங்கிற்று. வெளியே நின்று உதவுபவன் மீட்பன் ஆகான். உறவினனே மீட்பன் ஆதல் கூடும். ஆகையால் மனிதரை மீட்க விரும்பிய கடவுள் மனிதருக்கு உறவினராகவே பிறந்தார் என்பது கிறிஸ்தவரின் விசுவாசம். தம் மேன்மைக்கு வரும் இழப்பை எண்ணி அவர் பின்வாங்கினாரல்லர். அந்த இழப்பின் முதல் அடையாளம் முன்னணை. முடிவான அடையாளம் சிலுவை. மத்தேயு தம் நூலின் முதல் அதிகாரத்திலே இயேசுவின் வமிச வரலாற்றைக் கூறுமிடத்து, மோவாபியப் பெண்ணாகிய ரூத்தின் பெயரை மறைக்காமல் எழுதி வைத்தார். விலக்கப்பட்டவளின் பெயர் மீட்பரின் குடும்ப ஏட்டில் ஏறிவிட்டது.

கடவுளிடத்தில் மனிதனுக்குள்ள உரிமை, குலத்தாலோ செல்வத்தாலோ நல்லொழுக்கத்தாலோ ஈட்டிய உரிமையன்று என்பதை இதனால் அறியலாம். வீட்டிலே பிறந்த பிள்ளை தன் இடத்தைச் சம்பாதிப்பதில்லை, பெற்றுக்கொள்கின்றது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலே பவுல் இதனைச் சுவிகாரத்துக்கு ஒப்பிடுகின்றார். சுவிகாரப் பிள்ளைக்குத் தந்தையின் பெயரும் உண்டு, முதுசமும் உண்டு.

இச்செய்தி இத்தீவினருக்குத் தொலைவானதன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வீடு வாசல் துறந்து, பிறர் திண்ணையிலும் பள்ளிக்கூடங்களிலும் நத்தாரைக் கழித்தோர் பலர். கடல் கடந்து சென்று, பிள்ளைகளின் புதிய மொழி விளங்காமல், பனி பெய்யும் சாளரத்தருகே ஊரை நினைத்திருக்கும் முதியோரும் பலர். வெறுங்கையாய் வந்தேன் என்ற நகோமியின் சொல் அவர்களுக்குப் புதிதன்று. அவர்களுக்கு நத்தார் கூறுவது, இழந்த ஊர் நாளையே கிடைத்துவிடும் என்பதன்று. ஊர் இல்லாத இடத்திலும் உறவினர் ஒருவர் உண்டு. அவர் முதலில் வந்து தங்கியதே இடமில்லாத இடத்தில்தான் என்பதே.

பெத்லகேமில் இயேசு பிறந்ததாகக் கருதப்படும் குகையின் மேல், 4ஆம் நூற்றாண்டிற் கொன்ஸ்தந்தீன் பேரரசன் காலத்தில் ஆலயம் எழுந்தது; 6ஆம் நூற்றாண்டில் யுஸ்தினியன் காலத்தில் அது மீளக் கட்டப்பட்டது. அதன் வாயில் ஏறக்குறைய 4 அடி உயரமே உடையது. குதிரையேறி எவரும் உள்ளே புகாதிருக்க அதனைக் குறுக்கினர் என்பர். இன்று அதற்குத் 'தாழ்மையின் வாயில்' என்று பெயர். அரசரும் ஆண்டியும் அதனுள் ஒரேவிதமாகக் குனிந்தே நுழைதல் வேண்டும். குழந்தைகள் மட்டும் நிமிர்ந்தபடியே செல்வர்.

அவ்வாயிலில் நுழைந்தவர் தம் வீட்டு வாயிலை அடைத்துக்கொள்ளுதல் முறையன்று. இறைவனிடத்தில் இடம் பெற்ற குடும்பம், நத்தார்ப் பந்தியில் ஓரிலை கூடுதலாக இடுதல் தகும். அயல்வீட்டுக் கைம்பெண்ணோ, வேற்றூரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞனோ, பேச்சுவார்த்தை அற்றுப்போன உடன்பிறந்தானோ அவ்விலையின் முன் அமர்வாராயின், பெத்லகேமில் அன்றில்லாத இடம் இன்று அவ்வீட்டில் உண்டாயிற்று என்று கொள்ளலாம்.