பழைய செங்கல்லும் புதிய தலைநகரும்



சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளைக்காரர்கள் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ரயில் பாதை போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கொட்ட ஜல்லி வேண்டும். வழியில் ஹரப்பா என்ற ஊரில் ஒரு பெரிய மண்மேடு இருந்தது. தோண்டினால் சுட்ட செங்கல் வந்தது. வண்டி வண்டியாக அள்ளிப் போனார்கள். பல மைல் தூரம் அந்தச் செங்கல்லின் மேல்தான் ரயில் ஓடியது.

அந்த மேடு எவ்வளவு பழையது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1921-இல் தயாராம் சஹானி அங்கே முறையாகத் தோண்டினார். அடுத்த ஆண்டு மொகஞ்சதாரோவில் ரக்கால்தாஸ் பானர்ஜி தோண்டினார். இரண்டும் சுமார் 4,500 ஆண்டு பழைய நகரங்கள்! நேரான தெருக்கள், கிணறுகள், மூடிய சாக்கடைகள். இன்றும் நம் ஊர்கள் பலவற்றில் மூடிய சாக்கடை இல்லை.

1947-இல் நாடு பிரிந்தபோது இந்த இரண்டு இடங்களும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. ஆனால் அதே காலத்து நகரங்கள் நம் நாட்டிலும் உண்டு. ஹரியானாவில் ராக்கிகடி, குஜராத்தில் தோலாவிரா. தோலாவிரா வறண்ட பூமி. மழைக்காலத்தில் மட்டும் ஓடையில் தண்ணீர் வரும். அதைப் பெரிய தொட்டிகளில் தேக்கி வைத்து மக்கள் பிழைத்தார்கள். கோட்டை வாசல் அருகே ஒரு பெயர்ப்பலகை கிடைத்தது. அதில் பத்து எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு மேல் உயரம். பெரிய பண்டிதர்களாலும் இதுவரை அதைப் படிக்க முடியவில்லை.

டில்லியின் கதை வேறு. தோமர் அரசர்கள் லால்கோட் கட்டினார்கள். அலாவுதீன் கில்ஜி சிரி நகரைக் கட்டினார். துக்ளக் அரசர் துக்ளகாபாத் கட்டினார். சில ஆண்டுகளிலேயே அது காலியானது. ஷாஜகான் 1639-இல் ஷாஜகானாபாத்தைத் தொடங்கினார். இன்றைய பழைய டில்லி அதுதான். அரசருக்கு அரசர் புது ஊர்!

வெள்ளையர் ஆட்சியில் கல்கத்தாதான் தலைநகர். 1911 டிசம்பர் 12 அன்று, இனி டில்லிதான் தலைநகர் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மூன்றாம் நாள் டில்லிக்கு வடக்கே அடிக்கல் நட்டார்கள். பிறகு அந்த இடம் சரியில்லை என்று, கல்லைப் பெயர்த்துத் தெற்கே கொண்டுபோனார்கள்.

கல்லை எடுத்துப் போவது எளிது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் ரைசினா, மால்ச்சா போன்ற கிராமங்கள் இருந்தன. அந்த விவசாயிகளின் நிலம் எடுக்கப்பட்டது. மால்ச்சா மக்களின் வாரிசுகள் சுமார் நூறு ஆண்டு கழித்தும் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். திட்டம் போட்டுக் கொடுத்த லுட்யன்ஸ் துரையின் பெயர் அந்தப் பகுதிக்கே நிலைத்துவிட்டது. சுமந்தவர்களின் பெயரில் ஒரு தெருவாவது இருக்கலாம்.

1931 பிப்ரவரியில் புது டில்லி திறக்கப்பட்டது. இன்று அங்கே ரைசினா கிராமம் இல்லை. குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் குன்றுக்கு மட்டும் இன்னும் அந்தப் பெயர்தான்.